நாவல் எழுதிய பெரும் புலவர்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்துக்குப் போகிறீர்கள். பரங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம் தாண்டினால் பல்லாவரம் வரும். அதற்கப்புறம் குரோம்பேட்டை, சானடோரியம்; பிறகு தாம்பரம்.

பல்லாவரத்துக்கு மூன்று பெருமைகள் உண்டு.

முதலாவது ஒரு கல். 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியல் அறிஞர் இந்த ஊரில் சரளைக் குழி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடாரி! இந்தியாவிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை அந்தக் கல்தான் முதன்முதலில் உலகுக்குக் காட்டியது.

இரண்டாவது, மலையில் குடைந்த குகைக் கோயில். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. அவனுடைய பட்டப் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் அது முஸ்லிம்கள் வழிபடும் தர்காவாக ஆயிற்று.

மூன்றாவது ஒரு புலவர்.

அவர் யார் தெரியுமா? தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலை அடிகள்தான். 1911 முதல் தம் வாழ்நாளின் கடைசி வரையில், சுமார் நாற்பது ஆண்டுகள், அவர் பல்லாவரத்தில் வாழ்ந்தார்.

தனித்தமிழ் என்றால் எல்லோருக்கும் அடிகள் நினைவு வரும். சைவ சித்தாந்தம் என்றாலும் நினைவு வரும். ஆனால் அவர் நாவல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் எப்படிப்பட்ட நாவல்? இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு விற்ற கதைகளை எழுதி, படித்த பெரியவர்களிடம் ஏச்சு வாங்கிய ஓர் ஆசிரியரின் கதையைத் தழுவிய நாவல்!

சங்க இலக்கியத்துக்கு ஆராய்ச்சி எழுதிய பெரும் புலவர் அந்தக் கதையை ஏன் கையில் எடுத்தார்? அதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாகையில் பிறந்தார்

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் 1876-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சொக்கநாத பிள்ளை, மருத்துவத் தொழில் செய்தவர். தாயார் சின்னம்மையார்.

நெடுநாள் குழந்தை இல்லாமல் இருந்த பெற்றோர் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிக்கொண்டார்கள். அந்த இறைவனுக்கு வேதாசலர் என்று பெயர். ஆகவே பிள்ளைக்கு வேதாசலம் என்று பெயர் வைத்தார்கள்.

நாகப்பட்டினத்தில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேதாசலம் படித்தார். ஆங்கிலம் நன்றாக வந்தது. ஆனால் பையன் வளர்வதற்குள் தந்தையார் காலமாகிவிட்டார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

படிப்பு நின்றது, படிக்கும் ஆசை நிற்கவில்லை.

அதே ஊரில் நாராயணசாமி பிள்ளை என்ற தமிழறிஞர் இருந்தார். பழைய தமிழ் நூல்களை வாங்கி விற்பது அவர் தொழில். புத்தகம் விற்றவரே ஆசிரியராகவும் அமைந்தார். தொல்காப்பியம், சங்க நூல்கள், சிலப்பதிகாரம் எல்லாம் அவரிடம் பாடம் கேட்டார் வேதாசலம். சோமசுந்தர நாயகர் என்ற பெரியவரிடம் சைவ சித்தாந்தம் கற்றார்.

அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பட்டம் எதுவும் வாங்கியதில்லை. 17 வயதில் திருமணம் ஆயிற்று. மனைவியார் பெயர் சவுந்தரவல்லி.

பட்டம் இல்லாத இந்த இளைஞரைத்தான் சென்னையின் பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டது.

மூன்று சொற்கள்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு அது சென்னை நகரத்துக்குள், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது.

1898-ஆம் ஆண்டு அங்கே தமிழாசிரியர் வேலைக்கு ஆள் தேடினார்கள். அப்போது அந்தக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டவர் இவர்தான்.

அந்தத் தேர்வைப் பற்றித் தமிழாசிரியர்கள் வகுப்பில் ஒரு கதை சொல்வதுண்டு.

குற்றியலுகரம் என்று இலக்கணத்தில் ஒன்று வரும். சொல்லின் கடைசியில் உள்ள உகரம் குறுகி ஒலிப்பது. அதில் பல வகை உண்டு. சாஸ்திரியார் மூன்று வகைகளைச் சொல்லி, அவற்றுக்கு உதாரணம் கேட்டாராம். அது தமக்குத் தெரியாது என்ற பொருளில், அஃது, எனக்கு, தெரியாது என்ற மூன்று சொற்களை வேதாசலம் சொன்னாராம். அங்கே இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சாஸ்திரியார் மட்டும் மகிழ்ந்தாராம். ஏன்? அந்த மூன்று சொற்களே அவர் கேட்ட மூன்று உதாரணங்கள்!

வேலை கிடைத்தது. 22 வயது நிறையாத வேதாசலம், தம் வயதை ஒட்டிய மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பின்னாளில் நாவலர் என்று புகழ் பெற்ற சோமசுந்தர பாரதியார் அங்கே அவரிடம் படித்த மாணவர்.

அந்தக் கல்லூரிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் அங்கே படித்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவும் அங்கே படித்தவர். தமிழ் நாவலின் குழந்தைப் பருவத்தில் அதைத் தூக்கி வளர்த்தவர்கள் இவர்கள். சாஸ்திரியாரே 'மதிவாணன்' என்று ஒரு நாவல் எழுதினார்.

ஆனாலும் வகுப்பில் நாவலுக்கு இடம் கிடையாது. அங்கே பழைய செய்யுளும் இலக்கணமும்தான் பாடம். தமிழில் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல்தான் வெளிவந்தது. இருபது வயதுப் பிள்ளையான நாவலை, இரண்டாயிரம் வயது இலக்கியத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் புலவர்கள் சம்மதிக்கவில்லை. கதை என்பது பொழுதுபோக்கு, செய்யுள்தான் இலக்கியம். அதுதான் அன்றைய எண்ணம்.

பாட்டை நிறுத்தது எப்படி?

இந்தக் காலத்தில்தான் வேதாசலனார் 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை' எழுதினார். 1903-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. 1906-இல் பட்டினப்பாலைக்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார்.

முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சங்கப் பாட்டு. கணவன் போருக்குப் போயிருக்கிறான். மனைவி வீட்டில் காத்திருக்கிறாள். மழைக்காலம் வந்துவிட்டது. அவன் வருவானா? இதுதான் பாட்டு.

இந்தப் பாட்டுக்கு நச்சினார்க்கினியர் என்ற பழைய உரையாசிரியர் உரை எழுதியிருந்தார். மகா பண்டிதர். ஆனால் அவர் பாட்டின் சொற்களை முன்னும் பின்னுமாக எடுத்து மாற்றிப் பொருத்திப் பொருள் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

வேதாசலனார் ஏற்கவில்லை. புலவர் எந்த வரிசையில் சொன்னாரோ அந்த வரிசையிலேயே பாட்டு தெளிவாக இருக்கிறதே, அதை ஏன் பிரித்துப் போட வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காகத் தலையாட்டவில்லை.

அதற்கு முன்னால் பாட்டு என்பது என்ன என்ற கேள்வியையே அவர் எடுத்துக்கொண்டார். உலகத்து இயற்கை உள்ளது உள்ளபடி அதில் தெரிகிறதா? மனிதர் மனம் அதில் பேசுகிறதா? சொல் சரியான இடத்தில் நிற்கிறதா? இப்படிப் பார்த்துப் பாட்டின் தரத்தைச் சொன்னார். ஆங்கிலத்தில் இலக்கியத்தை எடைபோடும் முறையைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முன்னோடி.

மற்றவர்கள் எடைபோட்டால் எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆசிரியர் சோமசுந்தர நாயகர் 1901-இல் மறைந்தபோது துயரம் தாங்காமல் 'சோமசுந்தரக் காஞ்சி' என்ற பாடல் நூல் இயற்றினார். அதில் குற்றம் இருக்கிறது என்று சில பண்டிதர்கள் கிளம்பினார்கள். அவர் வாளாவிருக்கவில்லை. குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லித் தனி நூலே எழுதிவிட்டார்!

வேலை போயிற்று

பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. இதற்கு நடுவில் 1902-இல் 'ஞானசாகரம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். 1907-இல் காளிதாசரின் சாகுந்தல நாடகத்தைத் தமிழில் தந்தார்.

அப்போது ஓர் இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. கல்லூரியில் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல என்று ஆயிற்று. தமிழ் படிக்கும் மாணவர்கள் குறைந்தார்கள். மாணவர் இல்லாவிட்டால் ஆசிரியர் எதற்கு?

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வேதாசலனார் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். மாதச் சம்பளம் நின்றது. வீட்டில் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். மூத்த மகள் நீலாம்பிகைக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை.

குடும்பத்தோடு பல்லாவரத்துக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் காவி உடுத்தித் துறவு பூண்டார். ஆனால் குடும்பத்தைக் கைவிடவில்லை. குடும்பத்தோடு இருந்துகொண்டே துறவு வாழ்க்கை நடத்தினார்.

அதே 1911-இல்தான் அவருடைய முதல் நாவல் நூலாக வந்தது. பெயர் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'.

ரெயினால்ட்ஸ் என்பவர் யார்?

இங்கே லண்டனுக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.

ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் 1814-இல் பிறந்தவர். 1879-இல் இறந்தவர். 'லண்டன் ரகசியங்கள்' என்ற தொடர்கதையை 1844-இல் தொடங்கினார். வாரம் ஒரு பகுதி வரும். விலை ஒரு பென்னி. லண்டன் தொழிலாளிகள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் கதைகளில் என்ன இருந்தது? கொலை, கொள்ளை, காதல், மர்மம் எல்லாம் இருந்தன. ஆனால் ஏழைகள் படும் பாடும் இருந்தது. பெரிய மனிதர்களின் அக்கிரமமும் இருந்தது. எல்லோருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய கூட்டத்தில் ரெயினால்ட்ஸும் ஒருவர்.

படித்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸுக்கும் அவரைப் பிடிக்காது. இத்தனைக்கும் டிக்கன்ஸும் தொடர்கதை எழுதியவர்தான்! டிக்கன்ஸ் கல்லூரிப் பாடமாகிவிட்டார். ரெயினால்ட்ஸ் வெளியே நின்றார்.

இந்தியாவில் என்ன நடந்தது? கல்லூரியில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடம். வீட்டு விளக்கடியில் ரெயினால்ட்ஸ்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய வாசகர்கள் மிகவும் விரும்பிப் படித்த ஆங்கில நாவலாசிரியர்களில் அவர் முன்வரிசையில் நின்றார். வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் அவர் கதைகள் இறங்கின. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய கதைகளைத் தழுவித் துப்பறியும் நாவல்களையும் மர்ம நாவல்களையும் எழுதிக் குவித்தார். அவற்றை மக்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். புலவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பெரும் புலவர் பார்த்தார். அவர்தான் பல்லாவரத்தில் இருந்தார்.

லைலா குமுதவல்லி ஆனாள்

ரெயினால்ட்ஸ் எழுதிய கதைகளில் ஒன்று லைலா என்ற பெண்ணைப் பற்றியது. காகசஸ் மலையை ஒட்டிய மிங்ரேலியா என்ற தேசத்தில் நடப்பது. அந்த லைலாவைத்தான் அடிகள் தமிழ்ப் பெண்ணாக்கினார். மிங்ரேலியா போயிற்று, நாகநாடு வந்தது. லைலா போனாள், குமுதவல்லி வந்தாள்.

மலிவான கதைதானே என்று அவர் மலிவாக எழுதவில்லை. முல்லைப்பாட்டுக்கு உரை எழுதிய அதே கையால், அதே கவனத்தோடு எழுதினார். அன்றைக்குக் கதை எழுதியவர்கள் பலர் பேச்சும் வடமொழியும் ஆங்கிலமும் கலந்த நடையில் வேகமாக எழுதித் தள்ளினார்கள். அடிகள் இலக்கணம் வழுவாத நல்ல தமிழில் கதை சொன்னார்.

இதில் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. இந்தக் கதை கல்லூரியில் ஏற்கப்பட்டதா என்று அவர் பார்க்கவில்லை. எழுதியவருக்குப் பெரியவர்கள் மத்தியில் மதிப்பு உண்டா என்று பார்க்கவில்லை. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை ஒரு குற்றமாகவும் கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தகுந்த கதை என்று அவருக்குத் தோன்றியது. எடுத்துக்கொண்டார்.

நச்சினார்க்கினியர் பெயருக்காகத் தலையாட்டாதவர், ரெயினால்ட்ஸ் பெயருக்காக மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை!

கோகிலாம்பாள்

பத்து ஆண்டுகள் கழித்து, 1921-இல், இரண்டாவது நாவல் வந்தது. 'கோகிலாம்பாள் கடிதங்கள்'.

இது முழுக்க முழுக்கக் கடிதங்களாலேயே ஆன நாவல். கோகிலாம்பாள் இளம் வயதிலேயே கணவனை இழந்த பெண். அவள் மனத்தில் காதல் பிறக்கிறது. தன் துன்பத்தையும் ஆசையையும் அச்சத்தையும் கடிதங்களில் எழுதுகிறாள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். விளையாடும் வயதில் கல்யாணம் நடந்தது. விவரம் தெரிவதற்குள் கணவன் இறந்துபோனால், அந்தச் சிறுமியின் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. இப்படிப்பட்ட பெண்களுக்காகச் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் விடுதி தொடங்கியது 1912-இல். சிறுமிகளின் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது 1929-இல். இவற்றுக்கு நடுவில் வந்தவள் கோகிலாம்பாள்.

காவி உடுத்த துறவி, கைம்பெண்ணின் காதலை எழுதினார்! மேடை ஏறிச் சீர்திருத்தம் பேசினால் வீட்டுக்குள் இருக்கும் பெண்களின் காதில் விழாது. கதைப் புத்தகம் அடுப்படிக்குள்ளும் போகும். கதையின் பலம் அது. அதை அடிகள் அறிந்திருந்தார்.

ஒரு சொல் பிறந்த தோட்டம்

பல்லாவரத்தில் சாவடித் தெருவில் அடிகளின் வீடு இருந்தது. தோட்டமும் இருந்தது. 1916-ஆம் ஆண்டு ஒருநாள் அந்தத் தோட்டத்தில் தந்தையும் மகளும் உலாவிக்கொண்டிருந்தார்கள். வள்ளலார் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அதில் உடம்பைக் குறிக்கத் தேகம் என்ற வடசொல் வந்தது.

யாக்கை என்ற தமிழ்ச் சொல் அந்த இடத்தில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அடிகளுக்குத் தோன்றியது. பிற சொற்கள் கலப்பதால் தமிழ்ச் சொற்கள் வழக்கொழிந்து போகும் என்று மகளிடம் விளக்கினார். அப்படியானால் இனி நாம் தனித்தமிழிலேயே பேசலாமே என்றாள் 13 வயது நீலாம்பிகை. தனித்தமிழ் இயக்கம் அன்று பிறந்தது.

வேதாசலம் என்ற தம் பெயரையே முதலில் மாற்றினார். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. சுவாமி என்றால் அடிகள். சுவாமி வேதாசலம், மறைமலை அடிகள் ஆனார். 'ஞானசாகரம்', 'அறிவுக்கடல்' ஆயிற்று. முன்பு எழுதிய நூல்களையும் மறுபதிப்பு வரும்போது தனித்தமிழாகத் திருத்தினார்.

வீட்டோடு திருமுருகன் அச்சுக்கூடம் நிறுவினார். அங்கிருந்து நூல்கள் வந்தன. புலவர்களுக்கு மட்டுமா எழுதினார்? மாணவர்களுக்கு 'அறிவுரைக் கொத்து' எழுதினார். நோயில்லாமல் வாழ்வது எப்படி என்று குடும்பங்களுக்கு 'மக்கள் நூறாண்டு உயிர் வாழ்க்கை' எழுதினார். 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்ற பெரிய ஆராய்ச்சி நூலும் எழுதினார். பெரிய ஆராய்ச்சியும், கதையும், உடல்நல நூலும் ஒரே வீட்டிலிருந்து வந்தன.

இந்தித் திணிப்பை எதிர்த்து 1938-இல் நடந்த போராட்டத்திலும் முன்னணியில் நின்றார்.

அவர் சேர்த்த பெரும் செல்வம் நூல்கள்தான். சுமார் 4,000 நூல்கள்! 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், 74-ஆம் வயதில் அடிகள் மறைந்தார். நூல்கள் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது. பின்னாளில் அது கன்னிமரா நூலகக் கட்டடத்துக்கு மாறியது.

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் தெற்கே மறைமலை நகர் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லாமல் சென்னைக்குத் தெற்கே போக முடியாது.

மறந்துபோன நாவல்கள்

ஆனால் அவர் எழுதிய இரண்டு நாவல்கள் என்ன ஆயின?

அவரைப் பெரிய அறிஞர் என்று போற்றுகிறவர்கள் நாவல்களைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய மனிதர் கதை எழுதினாரே என்று கூச்சம் போலும்! நாவலைப் பற்றி எழுதுகிறவர்களோ, அவர் புலவர்தானே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு பந்தியிலும் அந்த நாவல்களுக்கு இலை கிடைக்கவில்லை.

நாம் நியாயமாகப் பேச வேண்டும். அடிகளின் நாவல்கள் தமிழின் தலைசிறந்த நாவல்களா? அல்ல. 'குமுதவல்லி'யின் கதை இரவல் கதை. வாக்கியங்கள் நீளம். இன்று படிக்கிறவர்களுக்கு நடை கடினமாக இருக்கும். எளிய மக்கள் படித்த கதையை எடுத்து, எளிய மக்கள் படிக்கத் திணறும் நடையில் கொடுத்தார் என்று ஒருவர் குறை சொன்னால், அதில் உண்மை இருக்கிறது.

'கோகிலாம்பாள்' நிலைமை வேறு. கடிதங்களாலேயே ஒரு நாவல் என்பது தமிழுக்குப் புதிது. எடுத்துக்கொண்ட விஷயமோ நெருப்பு. அதற்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்க வேண்டும்.

இப்படி நிறையும் குறையும் சேர்த்துச் சொல்வதுதான் எடைபோடுவது. பிரித்தே பார்க்காமல் ஒதுக்குவது எடைபோடுவது ஆகாது.

ஒதுக்கியவை திரும்பி வந்தன

ஒதுக்கும் பழக்கம் அடிகளோடு முடியவில்லை. பின்னால் கல்கி வந்தார். பல்லாவரம் குகையைக் குடைவித்த மகேந்திர பல்லவனைச் 'சிவகாமியின் சபத'த்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அழைத்து வந்தவர் அவர். க.நா. சுப்ரமண்யம் போன்ற விமரிசகர்கள் கல்கியை உயர்ந்த இலக்கிய வரிசையில் சேர்க்க மறுத்தார்கள். கல்கி 1954-இல் மறைந்தார். 'அலை ஓசை'க்கு 1956-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. பிறகு பல்கலைக்கழகங்களிலேயே கல்கியை ஆராய்ந்து பட்டம் வாங்கினார்கள். விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை எல்லாம் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்றன. புதிதாக எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் அவற்றை வாங்கினார்கள். பண்டிதர்கள் சிரித்தார்கள். பின்னால் நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் மக்களின் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். மதுரைப் பல்கலைக்கழகமே அவற்றை வெளியிட்டது.

ரெயினால்ட்ஸ் என்ன ஆனார்? இன்று அவரையும் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள்.

ஆகையால் கல்லூரியின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல. அதேபோல, நிறையப் பேர் வாங்கினார்கள் என்பதும் தீர்ப்பு அல்ல. அச்சுப் போட்டதெல்லாம் தங்கம் என்றால் தங்கத்துக்கு மதிப்பு ஏது? நிறையப் பேர் படித்து, அடுத்த ஆண்டே மறந்துபோன கதைகள் எத்தனையோ!

நமக்கு ஒரு தராசு

அப்படியானால் ஒரு கதையை எப்படி மதிப்பிடுவது? பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய வேலையா அது?

பட்டம் பெறாத ஒருவர் முல்லைப்பாட்டை எடைபோட்டுக் காட்டினாரே! அவர் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம்.

இந்தக் கதையில் வரும் மனிதர்கள் உண்மையான மனிதர்கள்போல நடக்கிறார்களா? கதை இயல்பாகப் போகிறதா, அல்லது ஆசிரியர் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாரா? சொற்கள் அக்கறையோடு போடப்பட்டிருக்கின்றனவா? படித்து முடித்த பிறகும் அது நம் மனத்தில் பேசிக்கொண்டிருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தால் அது நல்ல கதை. தோல் அட்டை போட்டிருந்தாலும் சரி, பழைய காகிதத்தில் அச்சடித்திருந்தாலும் சரி. விடை கிடைக்காவிட்டால், எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அது சுமாரான கதைதான். அடிகளின் நாவல்களையும் இதே தராசில் வைக்கலாம். பெரிய பெயர் என்று நச்சினார்க்கினியரை விட்டுவைக்காத அவர், தமக்கு மட்டும் சலுகை கேட்க மாட்டார்.

ஒரு காலத்தில் தாம்பரம் லைனில் ரயில் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கொடியில் வரிசையாகத் தொங்கும். வேலைக்குப் போகிற ஆண்களும் பெண்களும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். தெரிந்தவர் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் அட்டையை மடித்து மறைப்பார்கள். கதை படிப்பது ஏதோ குற்றம் என்பதுபோல!

மறைக்க வேண்டியதில்லை. பல்லாவரத்துக் கல்லை அத்தனை பேரும் வெறும் சரளை என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். ஒருவர் குனிந்து எடுத்தார், திருப்பிப் பார்த்தார். எல்லாச் சரளையும் கைக்கோடாரி ஆகாது. ஆனால் எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

உங்கள் கையில் இருக்கும் கதையையும் அப்படித் திருப்பிப் பாருங்கள். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.